பட்டி பூசும் முன் படியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனைகளில் எழும் வீடுகளைப் பார்த்தால், கீழே உரிமையாளர் குடியிருக்க, மேல்மாடியை வாடகைக்கு விடுவதற்கென்றே வெளிப்புறமாக ஓர் இரும்புச் சுழல் படிக்கட்டு நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். கான்கிரீட்டில் படி கட்டினால் ஓர் அறைக்கான இடம் போய்விடுகிறது. சுழல் படிக்கு ஐந்தடி வட்டம் போதும். ஆகவே மக்கள் இதை விரும்புவதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு படியும் நடுத்தூணோடு சேர்கிற அந்த இரண்டு விரற்கடை இடம் எப்படி அமைக்கப்படுகிறது என்பதில் வீடு கட்டுவோரும் சரி, பட்டறைக்காரர்களும் சரி, போதிய கவனம் வைப்பதில்லை. அதைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன்.

நான் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் வெல்டிங் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கீழே சொல்லப்போவது ஊரார் வீட்டுக் கதையாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். நடந்தது காவேரிப்பட்டணத்தில், என் மகள் வீட்டில்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, சமையல் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறிய இளைஞர் ஒன்பதாவது படியில் காலை ஊன்றியதும், அந்தப் படியின் வெளிமுனை சரிந்து தொங்கிவிட்டது. நல்லவேளையாக அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். சிலிண்டர் மட்டும் படிப்படியாக உருண்டு, இரண்டு பூந்தொட்டிகளை உடைத்து, கேட்டில் மோதி நின்றது. இளைஞருக்குக் கணுக்கால் பிசகி, பத்து நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மகள் தொலைபேசியில், "அப்பா, படி கழண்டுக்கிச்சுப்பா" என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அச்சமன்று, வெட்கம். ஏனென்றால் பதினான்கு மாதங்களுக்கு முன்பு அந்தப் படிக்கட்டு நிறுத்தப்பட்ட நாளில் நானும் அங்கே இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது வெல்டிங் முடிந்து கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, வேலை மழமழவென்று சுத்தமாக இருப்பதாகப் பாராட்டவும் செய்தேன். மாலைக்குள் மேடுபள்ளம் தெரியாமல் நிரவும் பட்டியைப் பூசி, ரெட் ஆக்சைடு என்னும் துருத்தடுப்புப் பெயின்டை அடித்துவிட்டார்கள்.

கழன்ற படியை எடுத்துவந்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். 25 மி.மீ. ஆங்கிளில் (L வடிவ இரும்புப் பட்டையில்) ஆப்பு வடிவச் சட்டம் செய்து, மேலே செக்கர் பிளேட் எனப்படும் மேடு வரியிட்ட தகட்டைப் போட்டு, அதன்மேல் கிரானைட் பலகை ஒட்டியிருந்தார்கள். சட்டத்தின் குறுகிய முனை நடுக்குழாயைத் தொடும் இடத்தில், மேற்புறம் ஒரு செ.மீ. நீளத்தில் இரண்டு பொட்டு வெல்டிங், பக்கவாட்டில் கொஞ்சம், அடியில் ஒன்றுமேயில்லை. மேற்பொட்டுகளில் ஒன்று தன் நடுவிலேயே உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழுப்பேறித் துருப்பிடித்திருந்தது. மீதி ஒரு பங்கு மட்டும் புதிதாகத் தேய்த்த வெள்ளிக் கொலுசுபோலப் பளிச்சென்று இருந்தது. துருப்பிடித்த பகுதி பல மாதங்களுக்கு முன்பே விரிசல் கண்டு மழைநீர் புகுந்த இடம். பளிச்சிட்ட பகுதிதான் அன்று காலை வரை படியைத் தாங்கி நின்றது. இன்னொரு பொட்டு உடையவே இல்லை. தூசி துடைக்காத சுவரில் ஒட்டிய சுவரொட்டி எப்படி முழுசாக உரிந்து வருமோ, அப்படிக் குழாயிலிருந்து உரிந்து வந்திருந்தது. அது இருந்த இடத்தில் குழாய் உருகியதற்கான அடையாளமே இல்லை. ஆலையிலிருந்து வரும்போதே குழாயின்மீது இருக்கும் கறுப்பு வார்னிஷ் கருகிப் பொருக்காக ஒட்டியிருந்தது. இந்த இரண்டு முகங்களையும் பார்த்த பிறகு, குறை எங்கே என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படி ஏன் இவ்வளவு எளிதில் கழலுகிறது என்பதைக் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடப்பாரையைக் கல்லின் அடியில் ஒரு சாண் நுழைத்து, அதன் மறுமுனையில் ஓர் ஆள் தன் எடையைப் போட்டால், பத்துப் பேர் தூக்க முடியாத பாறை அசைந்து கொடுக்கிறது. சுழல் படியில் ஏறுகிறவர் தம்மை அறியாமல் இதே வேலையைத்தான் செய்கிறார். படி கடப்பாரை, நடுத்தூணில் உள்ள வெல்டிங் பாறை. சாதாரண மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு முனையிலும் தாங்கல் இருக்கிறது. இங்கே ஒரு முனை அந்தரத்தில் நிற்கிறது. ஆகவே படியின்மேல் வைக்கும் எடையை மட்டும் பார்த்து, "நூறு கிலோதானே" என்று கணக்குப் போடுவது தவறு. அந்த எடை தூணிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதும், படி தூணைப் பிடித்திருக்கும் இடம் மேலிருந்து கீழாக எத்தனை உயரம் என்பதும்தான் கணக்கு.

அந்தக் காலையின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். இளைஞரின் எடை 60 கிலோ, நிரம்பிய சிலிண்டர் 14.2 கிலோ எரிவாயுவும் இரும்புக் கூடும் சேர்ந்து சுமார் 30 கிலோ, ஆக 90 கிலோ. இந்த எடை தூணின் முகத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி விழுகிறது என்று கொண்டால், 90-ஐ 60-ஆல் பெருக்க 5,400 வருகிறது. இதை இணைப்பின் உயரத்தால் வகுத்தால், மேற்புற வெல்டிங்கை வெளியே இழுக்கும் விசை தோராயமாகக் கிடைக்கும். வெறும் 5 மி.மீ. தகட்டின் விளிம்பை மட்டும் தூணில் ஒட்டியிருந்தால் உயரம் அரை செ.மீ.; இழுவிசை பத்து டன்னைத் தாண்டும். என் மகள் வீட்டில் இருந்ததுபோல 25 மி.மீ. ஆங்கிள் என்றால் 2,160 கிலோ. படியின் அடியில் 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு முக்கோணத் தகடு வைத்திருந்தால் 450 கிலோ. இணைப்பின் உயரத்தைப் படிக்குப் படி உள்ள இடைவெளியான 18 செ.மீ. முழுவதற்கும் கொண்டுபோனால் வெறும் 300 கிலோ. ஆள் அவரே, சிலிண்டர் அதுவே. தூணைப் பிடிக்கும் உயரம் ஒன்றை மாற்றியதில், பத்து டன்னாக இருந்த விசை வெறும் 300 கிலோவாகக் குறைகிறது. இறங்கும்போது காலை ஊன்றும் வேகத்தில் இந்த விசை இன்னும் கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி வெல்டிங்கின் பக்கம். இரண்டு இரும்புகள் சேரும் மூலையில் முக்கோணமாகப் படிவது மூலை வெல்டிங். நல்ல மூலை வெல்டிங்கில் இரும்பைத் தொடும் பக்கம் 5 மி.மீ. என்றால், அதன் மிக மெல்லிய குறுக்களவான கழுத்துக் கனம் 3.5 மி.மீ. ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 1,100 கிலோ என்ற வழக்கமான அனுமதி அளவை வைத்துக்கொண்டால், ஒரு செ.மீ. நீள வெல்டிங் சுமார் 385 கிலோ தாங்கலாம். மேற்புறம் இருந்த இரண்டு செ.மீ.யும் குறையற்றதாக இருந்திருந்தால்கூட 770 கிலோதான், கேட்கப்பட்டதோ 2,160. அப்படியானால் அது ஏன் முதல் நாளே விழவில்லை என்று கேட்கலாம். ஒன்று, அனுமதி அளவு என்பது உடையும் அளவைவிட மிகக் குறைவாக வைக்கப்பட்டது. இன்னொன்று, படியின் வெளிமுனைகளைக் கைப்பிடிக் கம்பிகள் ஒன்றோடொன்று கோத்திருந்ததால், மேல்படியும் கீழ்ப்படியும் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டன. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சம்பாதிக்காதது உடனே தெரியாததுபோல, ஒன்பதாம் படியின் பலவீனம் பதினான்கு மாதம் தெரியவில்லை. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கம்பியை மடக்கி நிமிர்த்துவதுபோல அந்தப் பொட்டு மடங்கி நிமிர்ந்து, விரிசல் மயிரிழை மயிரிழையாக வளர்ந்திருக்கிறது.

பட்டறையில் இது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலும் அது ஏமாற்று வேலை அன்று. குழாய் உருண்டை, சட்டத்தின் முனை நேர்கோடு. இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு, இருபுறமும் இடைவெளி விடும். அட்டையில் வளைவை வெட்டி, அதை வைத்துத் தகட்டின் முனையைக் குழாயின் வளைவுக்கு ஏற்ப அரைவட்டமாக அறுத்துச் சேர்ப்பதுதான் முறை. அதற்குப் படி ஒன்றுக்குக் கால் மணி நேரமாவது பிடிக்கும். நேரமில்லாதவர்கள் அந்த இடைவெளியில் வெல்டிங் ராடு துண்டையே செருகி, மேலே ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். பார்க்க நிறைந்து இருக்கும், உள்ளே வெற்றிடம். அடுத்தது குழாயின் கனம். விலை குறைவென்று 2 மி.மீ. கனமுள்ள, ஜன்னலுக்கும் மேசைக்கும் போடுகிற மெல்லிய குழாயை நடுத்தூணாக வைத்தால், வெல்டருக்கு இரண்டு பக்கமும் இடி. கரண்டைக் கூட்டினால் குழாயில் ஓட்டை விழும். குறைத்தால் வெல்டிங் குழாயில் இறங்காமல் மேலாகப் படியும். அப்படியே ஒட்டினாலும், படியின்மேல் ஆள் ஏறும்போது மெல்லிய குழாயின் சுவர் மேலே வெளியே இழுபட்டும் கீழே உள்ளே அமுங்கியும் நாளடைவில் நெளிந்துவிடும். நான்கு அங்குலக் குழாயானால் 4.5 மி.மீ. கனம் உள்ள நடுத்தர வகைக்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து. துத்தநாக முலாம் பூசிய குழாயாக இருந்தால், சேரும் இடத்தில் முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ராடை வைக்க வேண்டும். இல்லையேல் வெல்டிங்கில் நுண்துளைகள் விழுவதோடு, அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலை நடக்கும் நிலை. தூணை முதலில் நிறுத்திவிட்டு, நின்ற தூணில் படிகளை ஒவ்வொன்றாக ஒட்டினால், படியின் அடிப்பக்க வெல்டிங்கை அண்ணாந்து பார்த்தபடி, நெருப்புப் பொறி முகத்தில் கொட்டக் கொட்டச் செய்ய வேண்டும். பழகியவருக்கே கடினமான நிலை அது. ஆகவே அடிப்பக்கம் விடுபடுகிறது. மேற்புறம் மட்டும் வெல்டிங் இருந்தால், படி அழுந்தும்போதெல்லாம் அந்த வெல்டிங் புத்தகம் திறப்பதுபோலத் தன் வேரிலிருந்து வாய் பிளக்கும். குழாயைப் பட்டறையில் முக்காலிகளின்மேல் படுக்கவைத்து, உருட்டி உருட்டி, ஒவ்வொரு இணைப்பையும் கண்ணுக்கு நேராக வைத்துச் சுற்றிலும் முழுமையாக வெல்டிங் செய்து, பிறகு மொத்தமாக ஏற்றிவந்து நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. வாகனத்துக்கும் தூக்குவதற்கு ஆட்களுக்கும் செலவு கூடும். குறுகிய சந்துகளில் இது முடியாது என்பதும் உண்மைதான்.

முடியாத இடத்துக்கும் ஒரு வழி உண்டு. என் அனுபவத்தில் அதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி. பழைய மாதா கோயில்களின் மணிக்கூண்டில் ஏறியவர்கள் கவனித்திருப்பார்கள்: கல்லால் ஆன சுழல் படியில் தனியாக ஒரு நடுத்தூண் கிடையாது. ஒவ்வொரு படிக்கல்லின் உள்முனையும் உருளையாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த உருளைகளே சேர்ந்து தூணாகிவிடும். வெள்ளைக்காரர் காலத்து வார்ப்பிரும்புப் படிகளும் இதே முறைதான். படியும் அதன் உள்முனை வளையமும் ஒரே வார்ப்பு, வளையங்களை ஒரு கம்பத்தில் கோத்து மேலே முடுக்கிவிடுவார்கள். சிமெண்டில் வளையத்தோடு வார்த்த படிகளை அடுக்கி, நடுத்துளையில் கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்புவதும் இதன் தம்பிதான். இதை நம் வெல்டிங் பட்டறையிலும் செய்யலாம். படி இடைவெளி 18 செ.மீ. என்றால், அதே 18 செ.மீ. உயரத்துக்குத் துண்டு துண்டாக ஸ்லீவ் எனப்படும் உறைக்குழாய்களை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு உறையிலும் ஒரு படியை, உறையின் முழு உயரத்துக்கும் இறங்கும் முக்கோணத் தகட்டோடு, பட்டறை மேசையிலேயே நாற்புறமும் வெல்டிங் செய்துவிட வேண்டும். பிறகு வேலை நடக்கும் இடத்தில் நடுக்குழாயை நிறுத்தி, உறைகளை வளையல் கோப்பதுபோல மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, படியின் கோணத்தைச் சரிபார்த்து, உறைக்கும் உறைக்கும் நடுவில் வெல்டிங் வைத்துப் பூட்டினால் போதும். படியின் பாரம் உறை மேல் உறையாக அடித்தளத்துக்குப் போய்விடுகிறது. படியை நெம்பும் விசையோ, உறையின் முழு உயரத்திலும் பரவி நடுக்குழாய்க்குப் போகிறது. இடத்தில் போடும் வெல்டிங்குக்குப் படி திரும்பிவிடாமல் பார்ப்பதே பெரும்பாலும் வேலை.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நாளை யாராவது என்னைத் திட்டுவார்கள். மூன்று அங்குலம் என்று கடையில் கேட்டு வாங்கும் குழாயின் வெளிவிட்டம் உண்மையில் 89 மி.மீ. அதன்மேல் உறையாக இறக்கக்கூடிய நான்கு அங்குல நடுத்தரக் குழாயின் உள்விட்டம் 105 மி.மீ. அளவில் இருக்கும். ஆக, சுற்றிலும் 8 மி.மீ. இடைவெளி. அப்படியே இறக்கினால் படி ஒவ்வொன்றும் தொட்டில்போல ஆடும். லேத்துப் பட்டறையில் 90 மி.மீ. உள்விட்டம் வரும்படி வளையங்கள் கடைந்து, ஒவ்வொரு உறையின் மேல்வாயிலும் அடிவாயிலும் பொருத்தி வெல்டிங் செய்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். சிலர் பக்கவாட்டில் ஒரு திருகாணியை இறுக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆண்டு முழுவதும் மிதிபடும் படியில் வெறும் திருகாணி தளராமல் இருக்காது.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிரானைட் இங்கே மலிவாகவும் அருகிலும் கிடைப்பதால் இரும்புப் படியின்மேல் அதைப் பதிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. ஐந்தடி விட்டமுள்ள படிக்கட்டில் ஒரு படிக்கு 20 மி.மீ. பலகை எட்டு, ஒன்பது கிலோ வரும். அந்த எடை பெரிதன்று. ஆனால் இரும்பு வளைந்து கொடுக்கும், கிரானைட் கொடுக்காது. படிக்கு அடியில் இணைப்பு நெகிழத் தொடங்கியதும் மேலே பலகையின் ஒட்டு விடும் அல்லது பலகையே கீறும். என் மகள் வீட்டில் ஒன்பதாம் படியின் பலகை ஆடி மாதமே ஒரு மூலையில் கீறியிருந்தது. கல் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொன்னோம். மழையில் வழுக்கும் பாலிஷ் கல்லைத் திறந்தவெளிப் படியில் போடுவதே தவறு என்பது வேறு கதை.

தரநிலைகள் இதைப் பற்றி மௌனமாக இல்லை. தனித்தனியாக நீட்டி நிற்கும் படிகள் ஒவ்வொன்றும் தம் வெளிமுனையில் குறைந்தது 1.3 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 130 கிலோ சுமையைத் தாங்கும்படி அமைய வேண்டும் என்று இந்தியத் தரநிலை 875-இன் இரண்டாம் பகுதி சொல்கிறது. தேசியக் கட்டட விதித் தொகுப்போ, தீ விபத்தின்போது வெளியேறுவதற்கான சுழல் படிக்கட்டின் விட்டம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும், 9 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அது ஆகாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் சுழல் படி வரைபடத்தில் ஒரு சிறு வட்டமாக மட்டுமே இருக்கும். பல வீடுகளில் அந்த வட்டம்கூட இருக்காது, வீடு கட்டி முடித்த பிறகு தோன்றிய யோசனையாக இருக்கும். அந்த வட்டத்துக்குள் வெல்டிங் எத்தனை செ.மீ. என்று எந்த அலுவலரும் வந்து பார்க்கப்போவதில்லை. வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு உரிய நேரம், கிரைண்டர் ஓடுவதற்கு முன்பு. வெல்டிங்கின் முதுகைத் தேய்த்துத் தகட்டோடு தகடாக்கினால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் நான் மேலே சொன்ன 3.5 மி.மீ. கழுத்துக் கனம் அதில் பாதியாகிவிடலாம். நான் டீ குடித்துக்கொண்டு பாராட்டியது அதைத்தான். மூலை வெல்டிங்கைத் தேய்க்கவே கூடாது. கம்பி பிரஷ் போட்டு, வெல்டிங்கின்மேல் படிந்திருக்கும் கசடை எடுத்தால் போதும். பட்டி என்பது அதற்கும் மேல் ஒரு போர்வை. ஆகவே கசடு தட்டிய பச்சை வெல்டிங்கை, பட்டியும் பெயின்டும் ஏறும் முன், பகல் வெளிச்சத்தில் படிக்குப் படி குனிந்து அடியிலும் பார்ப்பேன் என்று வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, குழாயின் பக்கம் வெல்டிங் கரைந்து இறங்கியிருக்கிறதா அல்லது உருண்டு நிற்கிறதா என்பது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் யாருக்கும் தெரியும். சந்தேகம் உள்ள இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியைத் தூவினால், விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு ஈரக்கோடு எழும். என் மாணவர்கள் இதை மந்திரவாதம்போல வேடிக்கை பார்ப்பார்கள்.

இறுதிச் சோதனைக்குச் சிமெண்ட் மூட்டைகளே போதும். கைப்பிடிக் கம்பிகளை வைக்கும் முன்பு செய்ய வேண்டும். வைத்த பிறகு செய்தால் பக்கத்துப் படிகள் உதவிக்கு வந்து குறையை மறைத்துவிடும். படியின் வெளிமுனையிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, 50 கிலோ மூட்டை மூன்றைக் கயிற்றில் கட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி அந்த முனையில் தொங்கவிட்டு, பத்து நிமிடம் கழித்து அளக்க வேண்டும். அடியில் ஆள் நிற்கக் கூடாது. மூட்டையை இறக்கிய பின் மூன்றாம் முறை அளக்கும்போது முதல் அளவே திரும்ப வர வேண்டும். வரவில்லை என்றால் இணைப்போ குழாயின் சுவரோ கொடுத்துவிட்டது என்று பொருள்; அந்தப் படியை அறுத்து எடுத்துத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தூணின் தலையை மூடாமல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கிக் குழாயை உள்ளிருந்தே தின்றுவிடும் என்பதையும், அடித்தகட்டைத் தரைக்குள் புதைக்காமல் மேடைமீது போல்ட்டால் இறுக்க வேண்டும் என்பதையும் பெரும்பாலான பட்டறைக்காரர்கள் அறிவார்கள்.

கழன்ற படியைச் செய்த பட்டறைக்காரரை நான் அழைத்துப் பேசினேன். உடைந்த முகத்தைக் காட்டியதும் அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், கிலோக் கணக்குக்குத்தான் காசு குடுக்கறாங்க. அடியில படுத்துக்கிட்டு அடிக்கிற வெல்டிங்குக்கு யாரு சார் குடுக்கறாங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இரும்பு வேலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதுதான் நம் ஊர் வழக்கம். மருமகன் அந்த விலையைப் பேரம் பேசிக் குறைத்தபோது பக்கத்தில் நின்று மகிழ்ந்தவன் நான். கனமான குழாய் போட்டால் எடை கூடுகிறது என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். முக்கோணத் தகடு வைத்தால் எடையைக் கூட்டிக் காசு பார்ப்பதாகச் சந்தேகப்படுகிறார். வெல்டிங் எத்தனை செ.மீ., எந்தப் பக்கம் என்று கேட்டு அதற்குத் தனியாகக் கூலி பேசும் ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை.

அந்தப் பட்டறைக்காரர் என்னிடம் படித்தவரல்லர். படித்திருந்தாலும் இதை நான் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தகட்டோடு தகடு, குழாயோடு குழாய் என்று மாதிரித் துண்டுகளை வெல்டிங் செய்து காட்டி மதிப்பெண் போட்டேனே தவிர, ஒரு முனையில் நின்று மறுமுனையில் பாரம் ஏறும் படியைக் கொண்டுவந்து வைத்து, இதை உடைத்துக் காட்டுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெளியே போய்ப் பட்டறை திறக்கும் பிள்ளைகளோ கேட், கிரில் அடுத்துச் செய்வது சுழல் படியைத்தான். பர்கூரிலும் தருமபுரியை அடுத்த செட்டிகரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரு மாவட்டங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் கணக்குப் போட, பயிற்சி நிலையப் பிள்ளைகள் மூன்று விதமாகப் படி செய்ய, பட்டறைக்காரர்கள் முன்னிலையில் மூட்டைகளைத் தொங்கவிட்டு எது எப்போது கழலுகிறது என்று காட்ட ஒரு நாள் போதும். அழைத்தால் நானும் வரத் தயாராக இருக்கிறேன்.

மகள் வீட்டுப் படிக்கட்டை அதே பட்டறைக்காரரே, உறை முறையில், திரும்பச் செய்து கொடுத்தார். லேத்துக் கூலியையும் கூடுதல் இரும்பின் விலையையும் மருமகன் பேரம் பேசாமல் கொடுத்தார். மூன்று மூட்டை தொங்கியபோது ஒன்பதாம் படி 5 மி.மீ. தாழ்ந்து, இறக்கியதும் பழைய அளவுக்கே வந்து நின்றது. பழைய படியை இரும்புக் கடைக்குப் போடாமல் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பட்டறையில் ராடு பெட்டிக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருப்பதாகக் கேள்வி.

இக்கடிதத்துடன் மூன்று படங்கள் வரைந்து அனுப்பியுள்ளேன். முதலாவது பொட்டு வெல்டிங்கில் நிற்கும் படி, இரண்டாவது முக்கோணத் தகடு வைத்தது, மூன்றாவது உறையோடு கோத்தது. இடம் போதாதெனில் முதற்படத்தை விட்டுவிடலாம். அதை வாசகர்கள் தம் தெருவிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்,
தருமபுரி.